சாப்பாட்டுக்கும் கணக்கு எழுதிய தாத்தா!

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்து, 1925 ஜூலை 23-ல் கண்மூடிய ஊர் அது. அவருக்கு அங்கே மணிமண்டபமும் இருக்கிறது.

அந்தப் பக்கத்து வீடுகளில் ராகிக் களிக்குத் தனி மரியாதை உண்டு. கொதிக்கும் தண்ணீரில் மாவைப் போட்டு, கட்டி விழாமல் கிண்டி, உருட்டித் தட்டில் வைப்பார்கள். நடுவில் குழி செய்து சுடச்சுடக் குழம்பை ஊற்றிவிட்டால் வேறென்ன வேண்டும்?

சரி குட்டீஸ், ஒரு கேள்வி. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? களி என்றால் எத்தனை உருண்டை? ஓர் உருண்டையில் எத்தனை கிராம் மாவு? தோசை என்றால் அதில் எத்தனை ஸ்பூன் எண்ணெய்? அதற்கு முன்னால், டப்பாவைத் திறந்து வாயில் போட்டுக்கொண்ட மிக்சர் எத்தனை பிடி?

தெரியாதல்லவா? பரவாயில்லை, பெரியவர்களுக்கும் தெரியாது. ஆனால், சிவா வாழ்ந்த அதே காலத்தில், அதே சுதந்திரத்துக்காகப் பாடுபட்ட இன்னொருவர் இருந்தார். சாப்பிடுவதை அளப்பதும், எழுதி வைப்பதும், அதனால் உடம்பு என்ன ஆனது என்று கவனிப்பதும் அவருக்குப் பழக்கம். அப்படிப்பட்டவரின் சாப்பாட்டுக் கதை ஒரு பொய்யில் தொடங்குகிறது!

பசியில்லை என்ற பொய்

குஜராத்தில் ராஜ்கோட் என்ற ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தான் ஒரு பையன். மெலிந்த உடம்பு, கூச்ச சுபாவம். இருட்டு என்றால் பயம். அவன் வீட்டில் எல்லாரும் சுத்த சைவம்.

அவனுக்குப் பலசாலியான நண்பன் ஒருவன் இருந்தான். மாமிசம் சாப்பிட்டால்தான் உடம்பில் பலம் வரும், ஆங்கிலேயர்கள் நம்மை ஆள்வதற்கே அதுதான் காரணம் என்று அவன் விடாமல் சொல்லி வந்தான். பையனும் நம்பிவிட்டான். ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமான இடத்துக்குப் போய், யாருக்கும் தெரியாமல் ஆட்டிறைச்சியைத் தின்று பார்த்தான். அன்றிரவு தூக்கமே இல்லை. உயிருள்ள ஆடு வயிற்றுக்குள் கத்துவது போல் கனவு வந்து பாடாய்ப்படுத்தியது.

அதன் பிறகும் சில முறை ரகசிய விருந்து நடந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. அம்மா தட்டு வைத்துக் கூப்பிடும்போது, பசியில்லை, வயிறு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வான். இறைச்சி தின்றதைவிட, அம்மாவிடம் பொய் சொன்னதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. ஒருநாள் அந்த விருந்துகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டான்.

யார் அந்தப் பையன்? கண்டுபிடித்திருப்பீர்களே! 1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. நம் காந்தித் தாத்தாதான்!

சாப்பிட்டதை மறைத்தால் நாம் ஏமாற்றுவது அம்மாவை மட்டுமல்ல, நம்மையும்தான். இந்தப் பாடம் கடைசிவரை அவருக்கு மறக்கவில்லை.

இரவுதோறும் கணக்கு

1888-ல் வக்கீல் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார் காந்தி. மாமிசத்தைத் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். லண்டனில் அந்தச் சத்தியம் அவரைப் பட்டினி போட்டது. காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைக்கும், வயிறு நிறையும். மற்ற வேளைகளில் கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்கக் கூச்சம்! அரை வயிறும் கால் வயிறுமாக நாட்கள் போயின. தெருத்தெருவாக அலைந்து, ஒருவழியாகச் சைவ உணவு விடுதி ஒன்றைக் கண்டுபிடித்த நாளில்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த லண்டன் வாழ்க்கையில் அவருக்கு வந்த நல்ல பழக்கம், கணக்கு எழுதுவது. பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை என ஒன்று விடாமல் எழுதுவார். இரவு படுப்பதற்கு முன் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று சரிபார்த்த பிறகுதான் தூக்கம்.

எழுதிப் பார்த்தபோதுதான், பணம் எங்கெல்லாம் கசிகிறது என்று தெரிந்தது. பிறகு ஒரே அறைக்குக் குடிமாறினார். ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே தயாரித்துக்கொண்டார். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை 1 ஷில்லிங் 3 பென்சுக்குள் அடக்கினார். வண்டியில் போகாமல் தினமும் 8 மைல், 10 மைல் நடந்தார். நடந்ததால் காசும் மிச்சம், உடம்பும் உறுதி!

தோற்றுப்போன பரிசோதனை

படிப்பு முடிந்து, 1893-ல் வேலைக்காகத் தென் ஆப்பிரிக்கா போனார். அங்கே பிரிட்டோரியா நகரில், 23 வயதில், தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கி ஒரு பரிசோதனையில் இறங்கினார். சமைக்காத உணவை மட்டுமே சாப்பிட்டு வாழ முடியுமா என்று பார்ப்பதுதான் அது. ஊறவைத்த பச்சைக் கோதுமை, பட்டாணி, அரிசி, உலர் திராட்சை, கொட்டைகள், ஆரஞ்சு... இவைதான் உணவு.

ஆகஸ்ட் 22-ல் ஆரம்பித்தார். கோதுமை எத்தனை கரண்டி, திராட்சை எத்தனை கரண்டி, ஆரஞ்சு எத்தனை என்று தினமும் எழுதினார். சாப்பிட்ட பிறகு உடம்பு எப்படி இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதினார்.

முடிவு என்ன? பலவீனம் வந்தது, பல் வலித்தது. இரண்டு வாரத்துக்குள் பரிசோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று.

நாமாக இருந்தால் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டிருப்போம். காந்தி என்ன செய்தார் தெரியுமா? தாம் தோற்றுப்போன கதையை நாள்வாரியாக எழுதி, லண்டனிலிருந்து வந்த சைவ உணவுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்! 1894-ல் அது அச்சிலும் வந்தது.

உடம்பின் வரவு செலவு

தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகில் 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. போராட்டத்தில் ஈடுபட்டவர்களின் குடும்பங்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தன. அவர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தி தமக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிக்கொடுத்தார்!

பண்ணைக்கும் நகரத்துக்கும் 21 மைல் தூரம். அதாவது சுமார் 34 கிலோமீட்டர். சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும் என்பது சட்டம். அதிகாலை 2 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். கையில் வீட்டுச் சாப்பாட்டு மூட்டை இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல் பார்ப்போமா? உணவில் இருக்கும் ஆற்றலைக் கலோரி என்ற அளவால் சொல்கிறோம். 1 கிலோ தண்ணீரின் வெப்பத்தை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றல்தான், உணவுக் கணக்கில் நாம் சொல்லும் 1 கலோரி. மாவுச்சத்து 1 கிராமில் சுமார் 4 கலோரி, புரதத்திலும் 4. கொழுப்பு 1 கிராமில் 9 கலோரி. எண்ணெயும் நெய்யும் கொஞ்சமாக இருந்தாலும் கணக்கு எகிறுவது இதனால்தான்.

சாப்பிடுவது வரவு. மூச்சு விடுவது, இதயம் துடிப்பது, நடப்பது, விளையாடுவது எல்லாம் செலவு. வரவு அதிகமானால் மீதியை உடம்பு கொழுப்பாகச் சேமிக்கும், எடை கூடும். செலவு அதிகமானால் சேமிப்பிலிருந்து எடுக்கும், எடை குறையும். காந்தி லண்டனில் எழுதினாரே, அந்தக் காசுக் கணக்கு மாதிரியேதான் இதுவும்!

ஐந்தே பொருள்

1915-ல் இந்தியா திரும்பிய காந்தி, ஹரித்துவார் கும்பமேளாவுக்குப் போனார். அவர் போன இடமெல்லாம் அன்பின் பெயரால் விதவிதமாகச் சமைத்துக் குவித்தார்கள். தம்மால் மற்றவர்களுக்கு இவ்வளவு சிரமமா என்று அவருக்கு வருத்தம். ஒரு நாளில் ஐந்து உணவுப் பொருள்களுக்கு மேல் சாப்பிடுவதில்லை, இருட்டிய பிறகு சாப்பிடுவதே இல்லை என்று அங்கே உறுதி எடுத்தார்.

ஐந்து என்றால் ஐந்துதான்! உடம்பு சரியில்லாமல் மருந்து சாப்பிட்டால் அதுவும் கணக்கில் வருமா என்று யோசித்தார். வரும் என்றே முடிவு செய்தார். இது சின்னதுதானே, இதைச் சேர்க்க வேண்டாமே என்ற சலுகையைத் தமக்கு அவர் கொடுத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் அவர் சறுக்கியதே இல்லையா? உண்டு!

1918-ல் குஜராத்தின் கேடா பகுதியில் ஓய்வில்லாமல் அலைந்துகொண்டிருந்தார். வயிற்றுக் கடுப்பு லேசாகத் தொடங்கியிருந்தது. அன்று சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் அது பண்டிகை நாள். எண்ணெய் சேர்த்துச் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் ஒரு கிண்ணம் நிறையப் பச்சைப்பயறையும் கொண்டுவந்து வைத்தார் கஸ்தூரிபாய். நாக்கு ஜெயித்தது! கொஞ்சம் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தவர் நிறையவே சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் நோய் முற்றியது. பிழைப்போமா என்றே சந்தேகப்படும் அளவுக்குப் படுத்த படுக்கையானார்.

உடம்பு தேறப் பால் வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அவரோ 1912-லேயே பாலை விட்டவர். பசும்பால், எருமைப்பால்தானே கூடாது, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபாய் வழி சொன்னார். காந்தி குடித்தார்; பிழைத்தார். ஆனால் சொன்ன சொல்லின் எழுத்தைத்தான் காப்பாற்றினோம், உயிரைக் காப்பாற்றவில்லை என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. இரண்டையுமே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார்.

சிறையில் எழுதிய பட்டியல்

இதற்கிடையில் நம் நீலகிரியில் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. குன்னூரில் உணவு ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் ஒரே ஓர் அறையில் தொடங்கிய ஆய்வு, பிறகு அந்தக் கூடமாக வளர்ந்தது. அதன் இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்ட், இந்திய உணவுகள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து, எத்தனை கலோரி என்று பட்டியல் போட்டு 1937-ல் வெளியிட்டார். அந்தக் கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அரிசியில் எவ்வளவு, ராகியில் எவ்வளவு என்று இன்று நாம் சொல்ல முடிவதற்கு அடித்தளம் போட்டது குன்னூர்!

காந்தியும் அந்த ஆண்டுகளில் தீட்டாத அரிசி, கீரை, வெல்லம் இவற்றின் நன்மை பற்றித் தம் ஹரிஜன் பத்திரிகையில் எழுதிவந்தார். 1942-ல் அவரைப் புனேயில் ஆகாகான் மாளிகையில் சிறை வைத்தார்கள். அங்கே இருந்தபடி ஆரோக்கியம் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன உணவு தேவை என்று அதில் அளவோடு கொடுத்திருக்கிறார்.

பசும்பால் 2 பவுண்ட். தானியம் 6 அவுன்ஸ். கீரை 3 அவுன்ஸ். மற்ற காய்கள் 5 அவுன்ஸ். பச்சையாகச் சாப்பிடும் காய் 1 அவுன்ஸ். நெய் ஒன்றரை அவுன்ஸ். வெல்லம் அல்லது சர்க்கரை ஒன்றரை அவுன்ஸ். அத்துடன் வசதிக்கு ஏற்றபடி பழங்கள்.

இதில் எத்தனை கலோரி இருக்கும்? நாமே போட்டுப் பார்ப்போம். 1 அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம்.

தானியம் 170 கிராம்: சுமார் 580 கலோரி. பால் 900 கிராம்: சுமார் 600. நெய் 43 கிராம்: சுமார் 385. வெல்லம் 43 கிராம்: சுமார் 165. கீரை, காய் எல்லாம் சேர்த்து 255 கிராம்: சுமார் 80. மொத்தம் சுமார் 1,800 கலோரி! பழத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கவனித்தீர்களா? கால் கிலோ காயிலும் கீரையிலும் 80 கலோரிதான். அதில் ஆறில் ஒரு பங்கு எடையுள்ள நெய்யில் 385!

தராசு சொன்ன எண்

காந்தியின் உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். 1939-ல் அவர் எடை 46.7 கிலோ என்று மருத்துவக் குறிப்பு இருக்கிறது. இன்றைய மருத்துவக் கணக்கில் இது ஆரோக்கியமான எடையா? இல்லை! எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் 17.1 வருகிறது. பெரியவர்களுக்கு இது 18.5-க்குக் குறைந்தாலே எடை போதாது என்பார்கள்.

ஆகவே, காந்தி மாதிரி ஒல்லியாக வேண்டும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர் உண்ணாவிரதம் இருந்ததும் எடை குறைக்க அல்ல. 1943-ல், 73 வயதில், அதே ஆகாகான் மாளிகையில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, டாக்டர்கள் பக்கத்திலேயே கவலையோடு காத்திருந்தார்கள். நாம் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் எடையை அல்ல. அவர் எழுதிய கணக்கின் நேர்மையை.

அந்த நேர்மை அவ்வளவு முக்கியமா? 1992-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை எடுத்துக்கொண்டார்கள். தினமும் சாப்பிட்டதை எழுதச் சொன்னார்கள். அவர்கள் உடம்பு செலவழித்த ஆற்றலைத் தனியாக அளந்தார்கள். பார்த்தால், உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் நோட்டில் ஏறவே இல்லை! செய்த உடற்பயிற்சியையோ பாதி அளவுக்குக் கூட்டி எழுதியிருந்தார்கள்.

அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் அல்ல. தாளித்த எண்ணெய், நின்றுகொண்டே கொறித்த முறுக்கு, தம்பி தட்டில் மிச்சம் வைத்த வடை... இதெல்லாம் சாப்பாடு என்றே நமக்குத் தோன்றாது! இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ மூன்று வேளை குடித்தால், சர்க்கரை மட்டும் 120 கலோரி. நாம் மறந்தாலும் உடம்பு மறக்காது.

நம் தட்டுக்கு வருவோம்

மறுபடியும் பாப்பாரப்பட்டிக் களிக்கு வருவோமா? 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி. சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு. தண்ணீர் சேர்ந்து களியானதும் எடை இரண்டு, மூன்று மடங்காகிவிடும். ஆனால் தண்ணீரில் கலோரி இல்லை. கலோரி அதே 320-தான். மாவின் எடைக்கான கலோரியைக் களியின் எடைக்குப் போட்டால் கணக்கு தலைகீழ்! சமைப்பதற்கு முன்னாலா, பின்னாலா என்பதை எப்போதும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எடை குறைப்பதற்கான கலோரிக் கணக்கு பெரியவர்களுக்கு, அதுவும் டாக்டர் சொல்படி. நீங்கள் வளர்கிறவர்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,110 கலோரி தேவை. 13 முதல் 15 வயதுப் பையனுக்கு 2,860. அதே வயதுப் பெண்ணுக்கு 2,400! எலும்பும் உயரமும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே, யாராவது குண்டு என்று கேலி செய்தார்கள் என்பதற்காகக் காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். நீங்களும் யாரையும் அப்படிக் கேலி செய்யாதீர்கள். எடை பற்றிக் கவலையாக இருந்தால் அம்மா, அப்பாவிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். பசியில்லை என்று பொய் சொன்ன பையன் எவ்வளவு வருந்தினான் என்று படித்தீர்களே!

வேண்டுமானால் ஒரு விளையாட்டு விளையாடலாம். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில், சாப்பிட்டதை ஒன்று விடாமல் எழுதுங்கள். மிக்சர், மிட்டாய், எல்லாம்! எதையும் குறைக்க வேண்டாம். எழுதினால் மட்டும் போதும். எத்தனை மணி நேரம் ஓடி விளையாடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். காய், கீரை, பால் எத்தனை நாள், மிக்சர் எத்தனை நாள் என்பது தெரிந்துவிடும். மறுவாரம் என்ன செய்யலாம் என்று அந்த நோட்டே சொல்லும்.

1948 ஜனவரி 30-ல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகும் வரை, காந்தித் தாத்தா தம் வாழ்க்கையைப் பரிசோதனை என்றுதான் நினைத்தார். ஜெயித்த பரிசோதனையையும் எழுதினார், தோற்றதையும் எழுதினார். உங்கள் நோட்டில் முதல் வரியாக எதை எழுதப் போகிறீர்கள், குட்டீஸ்? இன்று காலை யாருக்கும் தெரியாமல் எடுத்தீர்களே, அந்த ஒரு பிடி மிக்சரிலிருந்தே தொடங்கலாமே!